முதலில் தன் உடம்பில்: திருவிதாங்கூர்ப் பேறுகாலத்தின் கதை

தைக்காடு ஆஸ்பத்திரி என்றதும் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலருக்குத் தங்கள் பிறந்த நாள் ஞாபகம் வரும். நான் பிறந்ததும் அங்கேதான், 1953-இல். அப்போது எங்கள் குடும்பம் கரமனையில் வாடகை வீட்டில் இருந்தது. என் அம்மாவுக்குத் தாய்வீடு நாகர்கோவில் வடசேரி. பேறுகாலத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் நம் வழக்கம். ஆனால் எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. அம்மாவைப் பெற்ற ஆச்சி, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மருந்து டப்பாவுமாக நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறித் திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டாள். “இந்தத் தடவை வீட்டுல வேண்டாம். தைக்காட்டுலதான் பாக்கணும்” என்று அவளே தீர்ப்பும் சொன்னாள்.

ஆச்சி ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவள். ஊசி என்றால் எழுந்து ஓடுகிறவள். அப்படிப்பட்டவள் ஏன் இப்படிச் சொன்னாள்? அவளே பலமுறை சொன்ன காரணங்கள் இரண்டு.

ஒன்று, 1949-இல் வடசேரி வீட்டில் என் அம்மாவின் தலைப்பிரசவம். பிள்ளை பிறந்து எட்டாம் நாள் வலிப்பு வந்து போய்விட்டது. இன்னொன்று அதைவிடப் பழையது. ஆச்சிக்கு ஓர் அக்காள் இருந்தாள். தோவாளைப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். 1917 வாக்கில், 19 வயதில், முதல் பேற்றில், பிள்ளை பிறந்த பிறகு உதிரம் நிற்காமல் இறந்தாள். அப்போது 14 வயதாக இருந்த ஆச்சிதான் துணியை மாற்றி மாற்றிக் கொண்டுபோய்த் துவைத்துப் போட்டிருக்கிறாள். “கெணத்தடியில தண்ணி சொவந்து ஓடிச்சு மக்கா” என்பாள். அதற்கு மேல் சொல்லமாட்டாள்.

தைக்காட்டை எப்படி நம்பினாய் என்று கேட்டால் அவள் பதில் எப்போதும் ஒன்றுதான். “அந்த டாக்டரம்மாவே அங்கதான பெத்தாளாம்? பொறவு நமக்கு என்ன?”

சரித்திர டீச்சராக முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். பானிப்பட்டுப் போர் மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஆச்சி சொன்ன அந்த டாக்டரம்மா யார் என்று தேடிப் பார்க்க எனக்குப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் நேரம் கிடைத்தது. அப்படிப் படித்ததை நம் மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் பின்னால், ராணிமார் காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1810-இல் திருவிதாங்கூரின் ஆட்சிக்கு வந்தவர் கௌரி லட்சுமி பாய். அரச மரபில் ஆண் வாரிசு இல்லாததால் நாட்டின் கண் முழுவதும் அந்த இளம் ராணியின் வயிற்றின் மேலேயே இருந்தது. 1813-இல் பிறந்த சுவாதித் திருநாளைக் கர்ப்பஸ்ரீமான் என்று சொல்வார்கள். கருவிலிருக்கும்போதே அரசுக்கு உரியவர் என்று பொருள். அவரைத் தாலாட்டத்தான் இரயிம்மன் தம்பி ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ இயற்றினார் என்பது மலையாளிகள் வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அதே ராணி காலத்தில்தான் அம்மை குத்தும் வழக்கம் இங்கே வந்தது. ஜனங்கள் பயந்தார்கள். கையில் கீறி நோயை ஏற்றுகிறார்களே என்று யார்தான் பயப்படமாட்டார்கள்? ராணி முதலில் தனக்கும் தன் குடும்பத்தாருக்கும் குத்திக்கொண்டார். அதன் பிறகே மற்றவர்கள் கை நீட்டினார்கள்.

அம்மையை வென்ற அதே ராணி பிரசவத்தை வெல்ல முடியவில்லை. மூன்றாவது பேற்றுக்குப் பின் உடல் தேறாமல் 1815-இல், இருபதுகளின் நடுவயதிலேயே, காலமானார். தாலாட்டுப் பாட்டுக்குரிய குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. அரண்மனை வைத்தியரும் ஆங்கில வைத்தியமும் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு ராணிக்கே இந்த நிலை என்றால் தோவாளையில் ஓலைக்கூரையின் கீழ் படுத்திருந்தவளை என்னவென்று சொல்வது.

நம் தென் திருவிதாங்கூர்ப் பகுதிக்கு மேல்நாட்டு மருத்துவம் சீக்கிரமே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ராம்சே நெய்யூரில் 1838-இல் வைத்தியம் தொடங்கினார். எவரெஸ்டில் ஏறப்போன சோமர்வெல் பின்னால் மலையை விட்டுவிட்டு அங்கே வந்துதான் கத்தியைப் பிடித்தார். நாகர்கோவிலில் 1890-களில் ரட்சணிய சேனையின் மருத்துவப் பணி தொடங்கி காதரீன் பூத் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆனாலும் கட்டி, காயம், கண் என்று வந்த கூட்டம் பேற்றுக்கு வரவில்லை. ஆண் டாக்டர் முன்னால் ஒரு பெண் எப்படிப் படுப்பாள்? சாதிக்காரர் என்ன சொல்வார்கள்? தீட்டு யாருக்கு? இந்தக் கேள்விகளுக்கு எந்த மருந்துப் புட்டியிலும் பதில் இல்லை.

பேறு பார்த்தவள் மருத்துவச்சி. மலையாளத்தில் வயற்றாட்டி. நம் பக்கத்தில் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்கள். இவர்களை மட்டம் தட்டி எழுதுவது வெள்ளைக்கார டாக்டர்கள் காலத்தில் ஒரு வழக்கமாக இருந்தது, நம் படித்தவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலை திரும்பியிருக்கிறதா, கொடி சுற்றியிருக்கிறதா என்று வயிற்றைத் தடவியே சொல்கிற கை அவர்களுடையது. நடு ராத்திரியில் கூப்பிட்டால் வருவார்கள். கூலி ஒரு மரக்கால் நெல்லும் பழைய சேலையும். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்ற ஒன்று உண்டு என்கிற செய்தி அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொடியை அறுக்கிற அரிவாளோ மூங்கில் சீவலோ கொதிக்க வைக்கப்படவில்லை. என் அண்ணனுக்கு எட்டாம் நாள் வந்த வலிப்பு அந்த வழியாக வந்த ஜன்னியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பிற்காலத்தில் ஒரு டாக்டர் விளக்கினார். பெற்றவளுக்கு வருகிற பிரசவ ஜுரமும் பெரும்பாலும் கை வழியாகவே வருவது. 1847-இலேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பாருங்கள் என்று கெஞ்சினார். பெரிய பெரிய டாக்டர்களே கேட்கவில்லை. அப்படியிருக்க எங்கள் ஊர் மருத்துவச்சியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? 1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலேயே ஆயிரம் பிரசவத்துக்கு நான்கு தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். சல்பா மருந்தும் பென்சிலினும் அதற்குப் பிறகுதான் வந்தன.

இந்த இடத்தில்தான் ஆச்சியின் டாக்டரம்மா வருகிறார். அவர் பெயர் மேரி புன்னன் லூக்கோஸ்.

1886 ஆகஸ்ட் 2-ஆம் தேதி கோட்டயத்துக்கு அருகே அய்மனத்தில் பிறந்தவர். தந்தை டாக்டர் புன்னன் அரண்மனை மருத்துவர். மகள் திருவனந்தபுரம் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் படித்துத் தேறி, மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானம் படிக்க விண்ணப்பித்தார். பெண் என்பதால் விஞ்ஞானத்தில் இடம் தர மறுத்துவிட்டார்கள். சரித்திரம் வேண்டுமானால் படிக்கலாம் என்றார்கள்! சரித்திர டீச்சர் என்ற முறையில் இதில் வருத்தப்படுவதா, பெருமைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து சரித்திரத்தில் பி.ஏ. முடித்து, பிறகு லண்டனுக்குக் கப்பலேறி, அங்கே எம்.பி.பி.எஸ். பட்டம் வாங்கினார். டப்ளினில் ரொட்டண்டா என்ற புகழ்பெற்ற பிரசவ ஆஸ்பத்திரி, 1745-இல் ஏற்பட்டது. அங்கேயும் பயிற்சி எடுத்தார். 1916-இல் தந்தை இறந்த வருஷம் ஊர் திரும்பினார். தைக்காட்டில் பெண்கள் மற்றும் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பேறுகால மருத்துவராகவும் கண்காணிப்பாளராகவும் பொறுப்பேற்றார். மறு வருஷம் வக்கீல் லூக்கோஸுடன் திருமணம். கணவர் பிற்பாடு ஹைகோர்ட்டு ஜட்ஜியானவர்.

லண்டன் பட்டத்தோடு வந்தவர் முதல் வேலையாக மருத்துவச்சிகளை ஒழித்திருக்கலாம். அன்றைய அதிகாரிகள் பலருக்கு அதுதான் விருப்பம். மேரி அதைச் செய்யவில்லை. மருத்துவச்சிகளின் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பயிற்சி வகுப்பு வைத்தார். இதில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். மருத்துவச்சிக்குப் பிழைப்புப் போகும் என்ற பயம் இல்லை, ஏனென்றால் அந்த வருமானம் அவள் பெண்ணுக்கே போகிறது. வீட்டுக்காரர்களுக்கு அந்நியர் வருகிற கூச்சம் இல்லை, ஏனென்றால் வருகிறவள் அதே குடும்பத்துப் பெண். மாறியது என்னவென்றால் அவள் பையில் சோப்பும், கொதிக்க வைத்த கத்தரியும், சுத்தமான நூலும் வந்துவிட்டன, அவ்வளவுதான். கை நடுங்குகிற கேஸ் எது, அதை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்கிற அறிவும் வந்துவிட்டது.

அடுத்த காரியம் ஆச்சி சொன்னது. வசதியுள்ள வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரியில் பெறுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த காலம். திக்கற்றவர்கள்தான் அங்கே போவார்கள் என்று பேச்சு. அரண்மனை மருத்துவரின் மகளும் வக்கீலின் மனைவியுமான மேரி தன் முதல் குழந்தையை அதே தைக்காடு ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டார். நூறு வருஷத்துக்கு முன் அம்மை குத்தும்போது ராணி செய்தது எதுவோ அதையே இவர் பிரசவத்தில் செய்தார். அரசாணையை விட இது வேகமாக ஊர் சுற்றியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சிக்குத் தோவாளை வரைக்கும் இந்தச் செய்தி வந்து சேர்ந்திருக்கிறதே!

1920-இல் அவர் செய்த சிசேரியன் ஆபரேஷன்தான் கேரளத்தின் முதல் சிசேரியன் என்று சொல்லப்படுகிறது. திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்ததே 1929-இல். ஆக, அந்த ஆபரேஷன் எந்த வெளிச்சத்தில் நடந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே தமிழர்கள் அறிய வேண்டிய ஓர் ஒற்றுமை உண்டு. நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டையில். மேரிக்கு மூன்று நாள் மூத்தவர். இருவரும் சமஸ்தானங்களில் பிறந்தவர்கள், இருவரும் ஆண்கள் கல்லூரிக் கதவைத் தட்டித் திறந்தவர்கள், இருவருமே டாக்டராகிப் பின் சட்டசபைக்குள் போனவர்கள். மேரி திருவிதாங்கூர் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டது 1920-களின் முதற்பாதியில். முத்துலட்சுமி சென்னைச் சட்டசபைக்குள் போனது அதற்குச் சில வருஷம் கழித்து. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் இருப்பதால் கிராமத்துப் பெண்ணும் அந்தப் பெயரைச் சொல்கிறாள். மேரியின் பெயரை நம் சங்கத்துக் கூட்டமொன்றில் கேட்டேன். நாற்பது பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அவரும் மலையாளத்துச் சம்பந்தி வீட்டில் கேட்டதாகச் சொன்னார்.

ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாய் 1924-இல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்ததும் மேரியை அரண்மனை மருத்துவராக நியமித்தார். ஒரு பெண்ணின் கையில் ஒரு சமஸ்தானத்தின் மருத்துவ இலாகாவே வரப்போகிறது என்பதற்கு அது முன்னோட்டம். 1938-இல் சர்ஜன் ஜெனரல் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. 32 அரசு ஆஸ்பத்திரிகளும் 40 டிஸ்பென்சரிகளும் அவர் மேற்பார்வையில் இருந்தன. நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம் ஏற்பட்டதிலும் அவர் பங்கு பெரிது. சயரோகம் பிடித்த பெண் கருவுற்றால் இரண்டு உயிரும் ஆபத்து என்ற காலம் அது. 1975-இல் பத்மஸ்ரீ. 1976 அக்டோபர் 2-ஆம் தேதி மறைந்தார்.

இத்தனையும் பேறு நடக்கிற நாளைப் பற்றியது. ஆனால் தாயின் உயிர் பேற்று நாளில் மட்டும் தீர்மானமாவதில்லை. ஆச்சியின் அக்காளை நினைத்துப் பாருங்கள். உதிரம் அதிகம் போனது ஒரு காரணம். போவதற்கு உடம்பில் எவ்வளவு ரத்தம் இருந்தது என்பது இன்னொரு காரணம். ஏற்கெனவே சோகை பிடித்த உடம்பு கொஞ்ச ரத்தம் போனாலும் தாங்காது.

இந்தச் சோகை எங்கிருந்து வந்தது என்பதற்குத் திருவிதாங்கூரிலேயே ஒரு விடை கிடைத்தது. 1928-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையிலிருந்து டாக்டர் ஜேகாக்ஸ் இங்கே வந்து கொக்கிப்புழுவைப் பற்றி ஆராய்ந்தார். மழை அதிகம், ஈர மண், வெறுங்கால், திறந்த வெளி. புழுவுக்கு இதைவிடச் சொர்க்கம் வேண்டுமா? மண்ணிலிருந்து பாதத்துத் தோலைத் துளைத்து ஏறி, குடலில் போய்க் கொக்கி போட்டு ரத்தத்தை உறிஞ்சும். வயலில் நாற்று நட்ட பெண்களுக்கும் கொல்லையில் வெறுங்காலோடு நின்ற வீட்டுப் பெண்களுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இந்த வேலையின் தொடர்ச்சியாக நெய்யாற்றின்கரையில் ஒரு மாதிரிச் சுகாதார நிலையம் ஏற்பட்டது. வீடு வீடாகப் போகிற நர்சும் மருத்துவச்சியும் அங்கே முறையாக வேலை பார்த்தார்கள். 1933-இல் சமஸ்தானத்துக்கென்று தனிப் பொதுச் சுகாதார இலாகாவே வந்தது. கக்கூஸ் கட்டுவதற்கும் பிள்ளைப் பேற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிரித்திருப்பார்கள். சம்பந்தம் ரத்தத்தில் இருந்தது.

அதே 1928-இல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டரம்மா பம்பாய்க்கு வந்து மில் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகாலச் சோகையை ஆராய்ந்தார். சிலருக்கு இரும்புச் சத்து கொடுத்தும் குணமாகவில்லை. ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்ததும் தேறினார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவர் ஆய்வு நடத்தினார். அந்தச் சாரத்தில் ஒளிந்திருந்ததுதான் போலிக் அமிலம். அதைச் செயற்கையாகத் தயாரித்தது 1940-களின் நடுவில் அமெரிக்காவில் எல்லாப்ரகட சுப்பாராவின் குழு. சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதற்கு மேல் 1991-இல் இன்னொரு விஷயம் தெரியவந்தது. தண்டுவடக் குறையுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மாரிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வில், கருவுறும் முன்பிருந்தே போலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் குறை மறுபடி வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. முன்பிருந்தே என்ற வார்த்தைதான் இங்கே முக்கியம். குழந்தையின் தண்டுவடக் குழாய் மூடுவது கரு உண்டான நாலு வாரத்துக்குள். நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று பெண் யோசிக்கும் நேரத்தில் அந்த வேலை முடிந்துபோயிருக்கும். ஆகவேதான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரைப் பார்த்துத் தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தைராய்டு இருந்தால் அதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு நேர் எதிராகத்தான் இருக்கிறது. கல்யாணமாகி ஆறு மாதத்தில் “விசேஷம் உண்டா?” என்று கேட்பதற்கு நூறு பேர் வருவார்கள். “உன் ரத்தம் எவ்வளவு இருக்கு?” என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். வளைகாப்புக்கு ஏழுவகைச் சோறு கட்டுவோம், மலையாளிகள் புளிகுடி நடத்துவார்கள். எல்லாம் வயிறு தெரிந்த பிறகுதான். அதிலும் வயித்துப்பிள்ளைக்காரி அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துப் பேறு கஷ்டமாகும் என்று சோற்றைக் குறைப்பது, பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு ஊதும் என்று நாக்கு வறளப் போடுவது, இவையெல்லாம் எங்கள் குடும்பத்தில் நானே பார்த்தவை. ஆச்சியின் பேறுகால மருந்தை நான் குறை சொல்லமாட்டேன். சுக்கும் மிளகும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த அந்த உருண்டையின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தராததற்கு எந்த நியாயமும் இல்லை.

சமீபகாலக் கணக்கு ஒன்றையும் பார்த்துவிடுவோம். 2018-20 ஆண்டுகளுக்கான மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய்மார் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. அந்தக் கணக்கில் அகில இந்தியாவிலும் மிகக் குறைவாக இருந்தது கேரளம்தான். 1951-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், ஆறு வயதில் இறந்த அரண்மனைச் சிறுவன் அவிட்டம் திருநாளின் நினைவாக அதையொட்டி எழுந்த எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியும் இதில் செய்தது கொஞ்சமல்ல. ஆனால் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று இங்கத்து டாக்டர்கள் கைகட்டி உட்காரவில்லை. 2004-இல் கேரளத்து மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு ஒரு வேலையைத் தொடங்கியது. மாநிலத்தில் பேறுகாலத்தில் இறக்கிற ஒவ்வொரு தாயின் கேஸையும் பெயர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் மறைத்துவிட்டு எடுத்துப் பரிசீலிக்கிறார்கள். யார் குற்றம் என்று கேட்பதில்லை. எந்த இடத்தில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மட்டும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 1952 முதல் நடக்கிற முறை இது. இந்தியாவில் இதைக் கேரளம்தான் முதலில் எடுத்துக்கொண்டது. ரத்தப்போக்கும் ரத்தக் கொதிப்பும் முன்னால் நின்றன, அது எதிர்பார்த்ததுதான். கூடவே தற்கொலையும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு காலம் ஞாபகம் வந்தது. 1980-இல் என் முதல் பிரசவம். சுகப்பிரசவம், ஆண் குழந்தை, எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கோ சாயங்காலம் ஆனால் அழுகை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. பால் கொடுக்கும்போதே கண்ணீர் வழியும். மாமியார் திகைத்துப்போனார், கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றினார். அப்போது 77 வயதான ஆச்சி விஷயம் கேள்விப்பட்டு வந்து, ஒன்றும் கேட்காமல், தினம் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு என்னை முன்னால் உட்கார வைத்துத் தலை வாரிவிட ஆரம்பித்தாள். “பெத்தவளுக்கு மனசு பச்சப் புண்ணு மாதிரிதான் இருக்கும். ஆறும். நான் இருக்கேன்” என்பாள். இருபது நாளில் ஆறியது. ஆறாமல் போகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு வைத்தியம் வேண்டும், இப்போது நல்ல வைத்தியம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவாவது பக்கத்தில் ஒருத்தர் இருக்க வேண்டுமே.

புலம்பெயர்ந்த நம் குடும்பங்களில் இல்லாதது அந்த ஒருத்தர்தான். 2009-இல் என் மகள் பூனாவில் பெற்றாள். ஆஸ்பத்திரியில் குறையே இல்லை, மாத்திரை மருந்து எல்லாம் வேளா வேளைக்கு. எனக்கு லீவு கிடைத்தது 15 நாள். திரும்பி வந்த பிறகு அவள் போனில் நன்றாகத்தான் இருக்கேன்மா என்று சொன்ன குரலை நான் நம்பவில்லை. விசாரித்து, அங்கே இருந்த தமிழ்ச் சங்கத்து அம்மாள் ஒருவரைப் பிடித்தேன். முன்பின் தெரியாதவர். நாங்குநேரிப் பக்கம் என்று சொன்னார், எங்கள் ஊருக்கு அதிக தூரமில்லை. அவர் வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் போய் அவளோடு உட்கார்ந்துவிட்டு வந்தார். ரசம் வைத்துக் கொடுத்தாராம். டாக்டரிடம் ஒருமுறை கூடவே போய் வந்தாராம்.

1953-க்குத் திரும்பி வருகிறேன். அன்று நாஞ்சில் நாடும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஆகவே தைக்காடு ஆச்சிக்கு அந்நிய ஊர் ஆஸ்பத்திரியல்ல, சொந்த சர்க்கார் ஆஸ்பத்திரி. பேறு பார்த்த நர்சு மலையாளத்தில் கேட்டதற்கெல்லாம் ஆச்சி தமிழில் பதில் சொன்னாளாம். இருவருக்கும் புரிந்தது. நர்சு சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவுவதை ஆச்சி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பிள்ளை பிறந்து, அம்மாவைக் கட்டிலுக்குக் கொண்டுவந்த பிறகு, ஆச்சி முந்தானைக்குள்ளிருந்து மருந்து டப்பாவை எடுத்தாள். நர்சு பார்த்துவிட்டாள். டப்பாவை வாங்கித் திறந்து, முகர்ந்து, சிரித்து, திருப்பிக் கொடுத்தாள். “என்றெ அம்மயும் இதுண்டாக்கும்” என்றாளாம்.

எட்டாம் நாள் முழுவதும் ஆச்சி என் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை என்று அம்மா சொல்வாள். ஒன்பதாம் நாள் காலையில்தான் போய்க் குளித்தாளாம்.